துபாயிலிருந்து ஓமன் ஹஜர் மலைக்கு: நான்கு வண்டி, மூன்று நாள், இரண்டு இரவு கூடாரம்

ஓமன் மலைக்கு முதல் முறை வண்டி கட்டுகிறவர்களில் மலையில் மாட்டிக்கொள்பவர்களைவிட எல்லைச் சாவடியில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். ஒருவருடைய காகிதம் சரியில்லை என்றால் மற்ற பதினொரு பேரும் சாலையோரம் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதனால் இந்தக் குறிப்பில் முதலில் காகிதமும் டயரும் வருகின்றன. கூடாரமும் அடுப்பும் அதற்குப் பிறகு.

வழி இதுதான்: துபாய், ஹத்தா எல்லை, சோஹார் கடற்கரைச் சாலை, ருஸ்தாக், வாதி பனி அவ்ஃப் பள்ளத்தாக்கு, பிலாத் சைத், ஹத் கிராமம், ஷரஃப் அல் அலமைன் கணவாய், அல் ஹம்ரா, ஜெபல் ஷம்ஸ். திரும்பும்போது பஹ்லா, இப்ரி வழியாக அல் ஐன். மொத்தம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் உண்மையான மலைப்பாதை 60, 70 கிலோமீட்டர்தான். ஆனால் பயணத்தின் வெற்றியும் தோல்வியும் அங்கேதான் இருக்கிறது.

1. எப்போது போவது

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை. கோடையில் ஜெபல் ஷம்ஸ் மேடு தாங்கும்படி இருக்கும், ஏனென்றால் அது கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியில் உள்ள பள்ளத்தாக்கு அடுப்பு மாதிரிதான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் மேட்டில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். துபாயில் வாங்கிய மெல்லிய கோடைக்காலப் படுக்கைப் பை அங்கே எடுபடாது.

ஈத் விடுமுறையையும் அமீரகத் தேசிய தினத்தை ஒட்டிய நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். சாதாரண நாளில் ஒரு மணி நேரத்தில் முடியும் எல்லை வேலை அந்த நாட்களில் மூன்று, நான்கு மணி நேரம் இழுக்கும். அந்தத் தாமதத்தால் கடைசியில் இருட்டில் மலை ஏறும்படி ஆகிவிடும். டிசம்பரில் அங்கே மாலை ஐந்தரைக்குள் சூரியன் இறங்கிவிடும். பள்ளத்தாக்குக்குள் சூரியன் அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே மறைந்துவிடும்.

2. எத்தனை பேர், எத்தனை வண்டி

மூன்று வண்டி போதும், நான்கு உச்சம். இதற்குமேல் போனால் வாதி பனி அவ்ஃப் பாதையில் எதிரே வரும் ஒரு வண்டிக்குக்கூட ஒதுங்க இடம் இருக்காது. ஒற்றை வண்டியில் போவது வேறு விதத் தப்பு. டயர் இரண்டு கிழிந்தால் துணைக்கு ஆள் வேண்டும்.

பேர் கணக்கை இருக்கைக் கணக்காகப் பார்க்காதீர்கள். ஏழு பேர் உட்காரும் வண்டியில் ஏழு பேரை ஏற்றினால் தண்ணீரும் கூடாரமும் கூரைக்குப் போகும். கூரையில் பாரம் ஏறினால் சாய்ந்த பாதையில் வண்டி ஆடும். ஒரு வண்டிக்கு மூன்று பேர், மிஞ்சினால் நான்கு. கூரையில் 50 கிலோவுக்கு மேல் வேண்டாம். அங்கே போகிறவை மெத்தை, கூடாரம் போன்ற எடை குறைந்தவையாக இருக்கட்டும்.

3. ஆட்களின் காகிதம்

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே எல்லோருடைய பாஸ்போர்ட், அமீரக வதிவிட விசா, எமிரேட்ஸ் ஐடி மூன்றின் படத்தையும் ஒரே ஆள் வாங்கிப் பாருங்கள். 'என்னோடது எல்லாம் சரியா இருக்குப்பா' என்று வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். பார்க்க வேண்டியவை:

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்ல வேண்டும். வதிவிட விசா முடிய மூன்று மாதத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த ஆளுக்கு முதலில் விசாவைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

ஓமன் விசாவை ராயல் ஓமன் போலீஸின் இணையத்தளத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வளைகுடா நாடுகளில் வதிவிட விசா வைத்திருப்பவர்களுக்கென்று தனி வகை உண்டு. அது 5 ரியால் என்ற அளவில் இருந்து வந்திருக்கிறது. விதியும் தொகையும் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் தளம் காட்டுவதே கணக்கு. பத்து நாள் முன்னால் போட்டுவிட்டால் படம் தெளிவில்லை என்று திரும்பி வந்தாலும் மறுபடி போட நேரம் இருக்கும். கைக்கு வந்ததும் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். நம்மவர்களுக்குத் தகப்பன் பெயர் எந்தக் கட்டத்தில் போகிறது என்பதில்தான் சிக்கலே. பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே அச்சு அசலாக இருக்க வேண்டும்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை 'அவங்களும் பாக்கட்டுமே' என்று கூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஒருமுறை மட்டும் நுழையும் சுற்றுலா விசாவில் வந்தவர் அமீரகத்தை விட்டு வெளியே போனதும் அந்த விசா முடிந்துவிடும். திரும்பி உள்ளே வர முடியாது. ஓமனின் வதிவிடக்காரர் வகை விசாவும் அவர்களுக்குக் கிடைக்காது. அவர்களை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். ஓமனுக்குச் சொந்தமான முஸந்தம் போவதாக இருந்தாலும் இதே கதைதான்.

மனைவி, குழந்தைகள் வதிவிட விசாவில் இருந்தால் ஸ்பான்சராக இருப்பவரும் அவர்களும் ஒரே வண்டியில் எல்லையைக் கடக்கட்டும். குழுவாக வண்டி மாற்றி உட்கார்ந்து அரட்டை அடிப்பதை எல்லைக்கு அப்பால் வைத்துக்கொள்ளலாம்.

அமீரகத்தை விட்டுத் தரைவழியாக வெளியேற ஆளுக்கு 35 திர்ஹம். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், சில அடி தள்ளி மறுபடி கேட்பார்கள்.

4. வண்டியின் காகிதம்

முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) யார் பெயரில் இருக்கிறதோ அவர் அந்த வண்டியில் இருக்க வேண்டும். கம்பெனி வண்டி, நண்பன் வண்டி என்றால் முறையான அங்கீகாரக் கடிதம் வேண்டும். வெள்ளைத் தாளில் 'இவருக்கு நான் அனுமதி தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வங்கிக் கடன் நிலுவையில் உள்ள வண்டிக்கு என்ஓசி (தடையில்லாச் சான்று) தேவையா என்று வங்கியிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். அமீரக பாலிசியில் 'ஓமனுக்கும் செல்லும்' என்று போட்டிருந்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். அது பெரும்பாலும் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும். எதிராளிக்கு ஆகும் சேதத்துக்கு ஆரஞ்சு கார்டு என்ற சான்று தனியாக வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டால் எடுத்துத் தருவார்கள். எல்லையிலும் வாங்கலாம், ஆனால் அங்கே வரிசை, விலை இரண்டும் கூடுதல்.

மூன்றாவதாக, பாலிசியின் பொடி எழுத்தைப் படியுங்கள். 'ஆஃப் ரோடு' சேதம் சேராது என்று இருக்கும். கணவாயில் பாறை இடித்து எண்ணெய்த் தொட்டி ஓட்டையானால் செலவு உங்களுடையது. சில கம்பெனிகள் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு இதைச் சேர்த்தே தருகின்றன. வருடப் புதுப்பிப்பின்போது கேட்டு வாங்குவது லாபம்.

வாடகை வண்டி பற்றி ஒரு வார்த்தை. துபாயில் வாடகைக்கு எடுத்து ஓமன் மலைக்குக் கொண்டு போவது காகிதத்தில் முடியும், நடைமுறையில் தலைவலி. எல்லை தாண்ட அனுமதிக் கடிதம், தனி இன்ஷூரன்ஸ், அதோடு ஒப்பந்தத்தில் கப்பிப் பாதைத் தடை. விமானத்தில் மஸ்கட் போய் அங்கே ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுப்பது சுலபம். அங்கும் 'மலைப்பாதைக்குப் போகிறோம்' என்று முன்பே சொல்லி எழுதி வாங்குங்கள்.

5. எந்த வண்டி தேறும்

லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஏற உதவும் கூடுதல் கியர்) உள்ள வண்டி. பிராடோ, லேண்ட் குரூசர், பஜேரோ, பேட்ரோல், எக்ஸ்டெர்ரா, எஃப்ஜே, ஃபார்ச்சூனர், ராங்லர் எல்லாம் சரி. ஆர்ஏவி4, சிஆர்வி மாதிரி வண்டிகளின் பின்னால் 'ஏடபிள்யூடி' (நான்கு சக்கரமும் இயங்கும்) என்று ஒட்டியிருக்கும். லோ ரேஞ்ச் இருக்காது. காய்ந்த நாளில் அவையும் ஏறிவிடலாம். செங்குத்தான வளைவில் நின்று மறுபடி கிளம்பும்போதுதான் கியர்பாக்ஸ் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும். பக்கத்தில் உள்ள ஜெபல் அக்தருக்கு இப்படி ஒரு வண்டியைக் கொண்டு போனால், பிர்கத் அல் மூஸில் இருக்கும் போலீஸ் சாவடியில் முல்கியாவைப் பார்த்து வண்டி எந்த வகை என்று தீர்மானிப்பார்கள். வாதி பனி அவ்ஃபில் அப்படி நிறுத்துகிற ஆள் கிடையாது, அதுதான் அபாயம்.

6. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்: கராஜ்

டயர்தான் முதலில். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. வளைகுடா வெயிலில் ஐந்து வயதான டயர் பார்க்கப் புதிதாகவே இருக்கும். கூர்ப்பாறை பக்கச்சுவரில் கீறும்போது தான் குட்டு வெளிப்படும். ஹஜர் மலைக் கல் மழுங்கிய கூழாங்கல் இல்லை, உடைந்த கண்ணாடி போல விளிம்புள்ளது. ஸ்டெப்னியையும் இதே மாதிரி பாருங்கள், அதன் காற்றையும் பாருங்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து தொடாத ஸ்டெப்னியில் பாதிக் காற்றுதான் இருக்கும்.

வீல் நட்டுக்குப் பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவி எங்கே இருக்கிறது? டாஷ்போர்டு பெட்டியில் இருக்கிறதா, கடைசியாக டயர் மாற்றிய கடையிலேயே விட்டுவிட்டீர்களா? வீட்டு வாசலிலேயே ஒரு முறை ஸ்டெப்னியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். இருபது நிமிட வேலை. ஜாக் எங்கே வைப்பது, கம்பி எந்த ஓட்டை வழியாக உள்ளே போய் ஸ்டெப்னியை இறக்கும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பிரேக் பேடோடு பிரேக் ஆயிலையும் கேளுங்கள். பழைய ஆயிலில் ஈரம் ஏறியிருக்கும்; நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் மிதிபலகை தரை வரை போகும். கூலண்ட், பெல்ட், பேட்டரி ஆகியவையும் பட்டியலில். பேட்டரி இரண்டு வயதைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

7. எடுத்துப்போகும் சாமான்

குழுவுக்குப் பொதுவாக: பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் ஏர் கம்ப்ரஸர் இரண்டு. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறியதை நம்ப வேண்டாம். நான்கு பெரிய டயருக்குள் அதன் ஃபியூஸ் போய்விடும். டயர் பஞ்சர் குச்சி பெட்டி இரண்டு. அது டயரின் நடுப்பகுதி ஓட்டைக்குத்தான் உதவும், பக்கச்சுவர்க் கிழிசலுக்கு உதவாது. ஜாக்கின் அடியில் வைக்க 30 சென்டிமீட்டர் சதுரப் பலகை. இழுவை நாடா 9 மீட்டர், 4.75 டன் முத்திரை உள்ள ஷேக்கிள் (நாடாவை வண்டியில் மாட்டும் இரும்பு வளையம்) நான்கு. ஜம்பர் கேபிள். மண்வெட்டி. கனமான கையுறை. முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் வண்டிக்கு ஒன்று.

இழுவை நாடாவை எங்கே மாட்டுவது என்று புறப்படும் முன்பே ஒவ்வொரு வண்டியிலும் பார்த்து வையுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டக் கூடாது. அது இழுவையில் முறிந்தால் குண்டு போல் பறந்து வந்து பின் கண்ணாடியைத் துளைக்கும். பாலைமணலில் செய்வது போல ஓட்டமாக வந்து வெடுக்கென்று இழுக்கும் வித்தையையும் மலையில் காட்டாதீர்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மெதுவாக நாடாவை விறைக்க வைத்து, ஊர்ந்து இழுப்பதுதான் வழி.

தண்ணீர்: குளிர்காலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர், சமையலும் கழுவலும் சேர்த்து. பன்னிரண்டு பேருக்கு இரண்டரை நாளுக்கு 180 லிட்டர். இது எல்லையிலிருந்தே சுமக்க வேண்டியதல்ல. ருஸ்தாக்கில் வாங்கலாம், அல் ஹம்ராவில் மறுபடி நிரப்பலாம். வண்டிக்கு ஒன்றாக 5 லிட்டர் கேன் மட்டும் யாரும் தொடாமல் இருக்கட்டும், ரேடியேட்டருக்காக. பனிக்கட்டி வாங்காதீர்கள், ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்களை வீட்டு ஃப்ரீஸரில் உறைய வைத்து ஐஸ் பெட்டியில் அடுக்கினால் இரண்டாம் நாள் வரை குளிர் நிற்கும், உருகியதும் குடிக்கலாம்.

எடுக்கக் கூடாதவை: மது எந்த அளவிலும் தரைவழி எல்லையில் கூடாது. ட்ரோன் அனுமதியில்லாமல் கூடாது. வாக்கி டாக்கிக்கும் உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் எல்லையில் பிடுங்கிக்கொள்ளக் கூடும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரை யாராவது சாப்பிட்டால் மருத்துவரின் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

8. முதல் நாள்: எல்லை, கடற்கரை, பள்ளத்தாக்கின் வாய்

காலை 5 மணிக்கு வண்டிகள் உருள வேண்டும். ஐந்து மணி என்றால் ஐந்தரைக்குக் கிளம்பும் நம் வழக்கத்தை எண்ணி, நான்கரை என்று சொல்லி வையுங்கள்.

ஹத்தாவுக்குப் போகும் வழியில் ஒரு பொறி. துபாய்–ஹத்தா நேர்ச்சாலையின் ஒரு துண்டு ஓமன் மண்ணில் ஓடுகிறது. அங்குள்ள சாவடியில் வளைகுடா நாட்டவர் அல்லாதவர்களைத் திருப்பி அனுப்புவார்கள். கைப்பேசி வரைபடம் அந்தச் சாலையைக் காட்டினாலும் ஷார்ஜா, மலீஹா பக்கமாகச் சுற்றி வரும் வழியை எடுங்கள்.

எல்லையில் வேலை முடிந்ததும் அங்கேயே வண்டிகளை ஒதுக்கி எல்லா முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று எண்ணுங்கள். பிறகு ஷினாஸ், சோஹார் வழியாக நல்ல நெடுஞ்சாலை. துபாய் பழக்கத்தில் வேகப் பலகைக்கு மேல் 20 கூட்டி ஓட்டாதீர்கள், இங்கே அந்தச் சலுகை கிடையாது. கேமராக்கள் சாலையின் நடுத்திட்டிலேயே நிற்கும்.

ருஸ்தாக்கில் 11 மணிக்குள் இருந்தால் சாப்பாடு, தண்ணீர், விறகு, கரி, பெட்ரோல் எல்லாம் அங்கே முடித்துவிடலாம். ஓமனில் 95 ரகப் பெட்ரோல் லிட்டருக்கு 239 பைசா (அங்கே ஆயிரம் பைசா ஒரு ரியால்) என்று 2021 இறுதியிலிருந்து உச்சவரம்பு வைத்து வந்திருக்கிறார்கள், அதாவது ஏறத்தாழ 2.30 திர்ஹம். டேங்கை நிறைத்துவிடுங்கள், அடுத்த பங்க் மலைக்கு அந்தப் பக்கம் அல் ஹம்ராவில்தான். லோ ரேஞ்சில் ஏறும்போது 100 கிலோமீட்டருக்கு 20, 25 லிட்டர் குடிக்கும். இங்கே ஓமன் சிம் ஒன்றும் வாங்கி, வழி முழுவதற்கும் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வையுங்கள். உள்ளே பல இடங்களில் சிக்னல் அறவே இருக்காது. ஊரில் இருக்கும் ஒருவருக்கு வழியும், 'நாளை மதியம் 2 மணிக்குள் அல் ஹம்ராவிலிருந்து பேசுவோம், இல்லையென்றால் ராயல் ஓமன் போலீஸுக்குத் தகவல் சொல்' என்ற குறிப்பும் அனுப்பிவிடுங்கள். 9999 ஓமனுக்குள்ளிருந்து அழைக்கும் அவசர எண்.

ருஸ்தாக்குக்கும் அவாபிக்கும் இடையில் வாதி பனி அவ்ஃப் என்ற பலகை பார்த்துத் திரும்ப வேண்டும். வாதி என்றால் காட்டாற்றுப் பள்ளம்; வருடம் முழுக்கக் காய்ந்து கிடந்து அரை மணி நேரத்தில் ஆறாக மாறும். தார் முடியும் இடத்தில் நிறுத்தி எல்லா வண்டியும் காற்றைக் குறையுங்கள்.

சாலையில் 35 பிஎஸ்ஐ என்றால் இங்கே 26, 28. மணலுக்கு இறக்குவது போல 15, 18 வரை போகாதீர்கள். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கிக் கிழியும். மலையேறினால் காற்றழுத்தமானி கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். 2,000 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் சுமார் 3 பிஎஸ்ஐ கூடித் தெரியும், குளிர் அதில் கொஞ்சத்தைக் கழித்துவிடும். பின் இருக்கையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நிற்பதும் அதே காரணத்தால்தான்.

மாலை 4 மணிக்குள் கூடாரம் போட்டாக வேண்டும். செங்குத்து ஏற்றத்தை முதல் நாளில் தொடாதீர்கள். கீழ்ப் பள்ளத்தாக்கில் ஆற்றுப் படுகைக்கு மேலே திட்டு திட்டாக மேட்டு நிலம் இருக்கும். அதில் வைக்கோலும் சருகும் பாறையிடுக்கில் செருகிக் கிடக்கும் உயரத்தைப் பாருங்கள். போன வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. கூடாரம் அதற்கும் நன்றாக மேலே இருக்க வேண்டும். படுகையின் மெத்தென்ற சரளை மணல் படுக்க ஆசை காட்டும். உங்கள் தலைக்கு மேல் ஒரு மேகமும் இல்லாமல் மலைக்கு அப்பால் பெய்த மழை வந்து சேரும் இடம் அது.

9. இரண்டாம் நாள்: ஏற்றம்

பெரும்பாலானோர் அல் ஹம்ரா பக்கத்திலிருந்து இந்த வழியாக இறங்குகிறார்கள். முதல் முறை ஓட்டுகிறவர்களுக்கு அது தலைகீழான வழி என்பது என் கருத்து. இறக்கத்தில் பிரேக்தான் வேலை செய்யும், பிரேக் சூடாகும், பயந்தவர் கால் அதை விட்டு எழாது. ஏற்றத்தில் வண்டியின் எடையே பிரேக். காலை எடுத்தால் நிற்கும்.

புறப்படும் முன் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். ஹஜர் மலையில் மழை என்று இருந்தால் பள்ளத்தாக்குக்குள் நுழையவே வேண்டாம். ஏற்கெனவே உள்ளே இருந்தால் மேட்டில் காத்திருங்கள். ஓடும் வாதியில் வண்டியை இறக்குவது ஓமன் சட்டத்தில் சிறைத் தண்டனையும் அபராதமும் உள்ள குற்றம். சட்டம் இருக்கட்டும், முழங்கால் அளவு வேகமான தண்ணீரே இரண்டு டன் வண்டியை நகர்த்திவிடும்.

மலைப்பாதையில் சில இடங்களில் சாலை வேலை நடக்கலாம், சில நாள் மூடியும் வைப்பார்கள். ருஸ்தாக்கிலேயே உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டும் முறை: வண்டியை முழுக்க நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, 4 எல் (லோ ரேஞ்ச்) போடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கையால் முதல் கியரிலோ இரண்டாவதிலோ பூட்டுங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன் ஹாரன். முன் வண்டி வளைவை முழுக்கத் தாண்டி அடுத்த ஒதுங்கும் இடத்தை அடைந்த பிறகே பின் வண்டி நுழைய வேண்டும். ஒட்டி ஓட்டினால் முன்னவர் பின்வாங்க நேரும்போது இடம் இருக்காது. அதோடு புழுதி.

எதிரே வண்டி வந்தால் ஏறுகிறவருக்கு வழி விடுவது முறை. ஆனால் யார் பக்கத்தில் ஒதுங்கும் அகலம் இருக்கிறதோ அவர் பின்வாங்குவதுதான் நடப்பு. பின்வாங்கும் வண்டியிலிருந்து ஓட்டுநர் தவிர மற்றவர்கள் இறங்கிவிட வேண்டும், ஒருவர் பாறைப் பக்கமாக நின்று கை காட்ட வேண்டும். ஒருவர் மட்டும். நாலு பேர் நாலு திசையில் 'வா, வா, ஒடிச்சு வா' என்று கத்தினால் ஓட்டுகிறவர் யாரைக் கேட்பார்?

வரிசை ஒழுங்குக்கு வாக்கி டாக்கி இல்லாமலே ஒரு விதி போதும்: தன் கண்ணாடியில் பின் வண்டி தெரியாவிட்டால் அடுத்த திருப்பத்திலோ பிரிவிலோ நின்றுவிட வேண்டும். எல்லோரும் இதைச் செய்தால் முதல் வண்டிவரை தானாக நின்றுவிடும். அனுபவம் உள்ளவர் முதலிலும் கடைசியிலும், புதியவர் நடுவில். கம்ப்ரஸர், நாடா கடைசி வண்டியில்.

மலை நடுவே திடீரென்று ஒரு பச்சைக் கால்பந்து மைதானம் தெரியும். அதற்குப் பிறகு பிலாத் சைத் பிரிவு. பேரீச்சைத் தோப்பும் படிப்படியான வயலும் கொண்ட ஊர். வண்டிகளை ஊருக்கு வெளியே விட்டு நடந்து போங்கள், சந்துகளில் வண்டி நுழையாது. பெண்களைப் படம் எடுக்காதீர்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். ஃபலஜ் வாய்க்கால் அவர்களின் குடிநீரும் பாசனமும். அதில் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் குழந்தையின் காலை அலம்புவதும் நம் ஊர்க் கிணற்றில் செருப்போடு இறங்குவது போலத்தான்.

ஹத் தாண்டியதும்தான் கடைசி ஏற்றம், நெடியது. நடுவில் சூட்டு முள் ஏறினால் ஏசியை அணைத்து, அகலமான இடத்தில் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடி ஐந்து நிமிடம் காத்திருங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் முகம் வெந்துவிடும். சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு அண்டைக்கல் கொடுங்கள், புறப்படும்போது அந்தக் கல்லைப் பாதை நடுவே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஷரஃப் அல் அலமைனில் தார் தொடங்கும். 11 மணிக்கு அங்கே இருந்தால் நல்ல வேகம். அல் ஹம்ரா வரை தார்ச் சாலை நீண்ட இறக்கம், நிறைய பேர் பிரேக்கைப் பொசுக்குவது இங்கேதான், கஷ்டம் முடிந்தது என்ற நினைப்பில். இரண்டாவது கியரில் இறங்குங்கள். கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான பிரேக் தகட்டில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடும்.

10. ஜெபல் ஷம்ஸில் இரவு

அல் ஹம்ராவில் பெட்ரோல், தண்ணீர், சாப்பாடு, ஊருக்கு ஒரு போன். பிறகு வாதி குல் வழியாக ஏறினால் பெரும்பாலும் தார், நடுவில் துணி துவைக்கும் கல் போல வரிவரியான கப்பிப் பாதை வரலாம். மாலை மூன்றரைக்கு மேட்டில் இருங்கள்.

மேட்டின் ஓரத்தில் உள்ள பெரும் பள்ளத்தின் விளிம்பு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் நேர்க்குத்து, பெரும்பகுதிக்கு வேலி இல்லை. படத்துக்காக விளிம்பில் கூடாரம் போடும் ஆசையை விடுங்கள். குழந்தைகள் இருந்தால் குறைந்தது 200 மீட்டர் உள்ளே. இரவில் சிறுநீர் கழிக்க எழுகிறவர் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று வெளிச்சத்திலேயே காட்டி வையுங்கள்.

தரை பாறை, முளை இறங்காது. கூடாரத்தோடு வரும் அலுமினிய முளை வளைந்துவிடும். கயிற்றின் நுனியைத் தலையளவு கல்லில் கட்டி, அதன் மேல் இன்னொரு கல் ஏற்றுங்கள். சாயங்காலம் அசையாமல் இருக்கும் காற்று நள்ளிரவில் எழும். சமையல் கூடாரத்துக்கு வெளியே, வண்டியின் மறைவில். கூடாரத்துக்குள் கரிச்சட்டி வைத்துக் குளிர் காய்வது உயிரைக் குடிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு வேகவே வேகாது போல் இருக்கும். குக்கர் கொண்டு போங்கள், ஒரு விசில் கூடுதலாக வையுங்கள். முதல் நாள் இரவுக்குப் புளியோதரை, சப்பாத்தி போன்ற கட்டுச்சோறு, இரண்டாம் இரவுக்குச் சமையல் என்று வைத்தால் சாமான் பாதியாகும். மரம் வெட்டாதீர்கள், வாங்கிய விறகையே எரியுங்கள், சாம்பலைத் தண்ணீர் ஊற்றி அணையுங்கள்.

மேட்டின் உண்மையான திருடர்கள் ஆடுகள். ரொட்டிப் பாக்கெட், வாழைப்பழத் தோல், அட்டைப் பெட்டி, துவைத்துக் காயப்போட்ட துணி என்று எதையும் விடாது. கூடாரத்தின் ஜிப்பை மூக்கால் நெம்பும். உணவெல்லாம் வண்டிக்குள். காலையில் ஷூவை உதறிவிட்டு மாட்டுங்கள், தேள் இருக்கும். புற ஊதா ஒளி டார்ச் இருந்தால் இரவில் அது பச்சையாக மின்னுவது தெரியும்.

மலஜலத்துக்கு நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 சென்டிமீட்டர் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

11. மூன்றாம் நாள்

அல் கிதைமிலிருந்து தொடங்கும் பால்கனி நடை (பள்ளத்தின் பாறைச் சுவரை ஒட்டிப் போகும் நடைபாதை) காலை 7 மணிக்கே கிளம்பினால் 11க்குத் திரும்பிவிடலாம். பாறையில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டை வழிகாட்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். உயரம் கண்டு தலைசுற்றுபவரை வற்புறுத்தாதீர்கள், அவர் ஆடுகளைக் காவல் காக்கட்டும்.

மதியம் 12க்கு இறக்கம். தார் வந்ததும் காற்றை 35க்கு ஏற்றாமல் நெடுஞ்சாலையில் 120 போகக் கூடாது. காற்றுக் குறைந்த டயர் சூடாகி வெடிக்கும். வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். பஹ்லா, இப்ரி வழியாக ஹஃபீத் எல்லை, அல் ஐன், துபாய் வந்து சேர இரவு எட்டு ஆகும்.

12. செலவு

ஒரு ரியால் ஏறத்தாழ 9.55 திர்ஹம். வண்டி ஒன்றுக்குப் பெட்ரோல் 140, 150 லிட்டர். முழுவதும் ஓமனில் போட்டதாகக் கணக்கிட்டால் 35 ரியால் அளவு. ஆள் ஒன்றுக்கு வெளியேறும் கட்டணம் 35 திர்ஹமும் விசாவும். ஆரஞ்சு கார்டு வண்டிக்காரர் பொறுப்பு. பொது உணவு, தண்ணீர், விறகு ஆளுக்கு 100 திர்ஹம் தாராளம். கம்ப்ரஸர், நாடா, ஷேக்கிள் குழுவாக வாங்கிப் பங்கிடலாம், ஆனால் யார் வீட்டில் இருக்கும் என்று அன்றே முடிவு செய்துவிடுங்கள்.

கிழிந்த டயர் யார் செலவு என்பதைப் புறப்படும் முன் பேசி, குழு வாட்ஸ்அப்பில் எழுதியும் வையுங்கள். 'வண்டிக்காரர் பாடு' என்றாலும் சரி, 'எல்லோரும் பங்கு' என்றாலும் சரி. பேசாமல் விட்ட டயர்தான் இரண்டு வருட நட்பைப் பஞ்சராக்கும்.

திரும்பிய மறுநாளே வண்டியைக் கழுவி, அடிப்பாகத்தில் புதுக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு வண்டியைத் துபாய்த் தெருவில் நிறுத்தி வைத்தால் அதற்கு 500 திர்ஹம் அபராதம் தனியாக வரும்.